மரியாதையான பிள்ளைகள்

பக்கத்து ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கு நடத்தை வகுப்பு எடுக்கிறார்களாம். கோட்டு எப்படிப் போட வேண்டும், கதவை எப்படித் தட்ட வேண்டும், நோயாளியைப் பார்த்து எப்படிச் சிரிக்க வேண்டும். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இதிலெல்லாம் நன்றாகத் தேறிய இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவை வயிற்று வலிக்காகத் தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஸ்கேன் எடுத்தாயிற்று. பெரிய டாக்டர் வந்து விவரம் சொல்லுவார் என்று காத்திருந்தோம். எது வந்தாலும் நானே பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

பெரிய டாக்டருக்கு முன்னால் இரண்டு சின்ன டாக்டர்கள் வந்தார்கள். கேரளத்தில் வடக்கே எங்கிருந்தோ வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். கதவைத் தட்டினார்கள், வணக்கம் சொன்னார்கள், கையைச் சுத்தம் செய்துகொண்டார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அப்பாவின் கால்மாட்டிலேயே நின்று, தங்களுக்குள் மலையாளத்தில் பேசினார்கள்.

"இனி ஒன்னும் செய்யானில்லெடா. வீட்டில் கொண்டுபோகான் பறயாம்."

"அது சீஃப் பறயட்டெ. வா, சாய குடிக்காம்."

செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். அதைப் பெரிய டாக்டரே சொல்லட்டும். அடுத்தது டீ. தமிழ் பேசுகிறவனுக்கு மலையாளம் தெரியாது என்று எந்தப் புத்தகத்தில் படித்தார்களோ! எங்கள் பக்கத்தில் மாடு கன்றுக்குக்கூட மலையாளம் புரியும். அப்பாவோ பாதி வாழ்நாளைத் திருவனந்தபுரத்தில் வாழைக்குலை வியாபாரத்தில் கழித்தவர். தூக்கத்தில் உளறுவதே மலையாளத்தில்தான்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குக் காது கேட்காமல் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது.

ஒருவன் குனிந்து, அழகாகச் சிரித்து, உரக்க நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான்: "ஐயா, எல்லாம் சரியாயிடும். பயப்படாதீங்க."

"சரி டாக்டர்" என்றார் அப்பா.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து கும்பிட்டாள். அவள் கிழக்கே, மலையாளம் எட்டாத தோவாளைப் பக்கம் பிறந்தவள். "நீங்க நல்லா இருப்பிய மக்கா" என்று வாழ்த்தினாள். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, "என்ன மரியாதையான பிள்ளைகள், பாத்தியா?" என்றாள். நாகராஜா கோவிலுக்கு நேர்ந்துகொண்டே பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போனாள். பல நாளைக்குப் பிறகு அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. நான் பிடிக்க நினைத்திருந்த கையை அப்பாவே நீட்டினார்.

"கேட்டியா மக்களே?"

"கேட்டேன்பா."

"அம்மைகிட்ட இப்பம் சொல்லாண்டாம். அவளுக்கு மலையாளம் தெரியாதுல்லா. அந்தக் காப்பியக் குடிக்கது வரைக்கும் சந்தோசமா இருந்துட்டுப் போட்டும்."