லெபனான் நாட்டு வெள்வேலாமரம்

கருவேலம்பிசினை வெந்நீரில் ஊறவைத்தால் எழும் இலேசான புளித்த வாசம்தான் எனக்குத் தபால்தலை என்ற சொல்லின் வாசம். மல்லசமுத்திரத்துப் பிள்ளைகள் நாங்கள் பசையைக் கடையில் வாங்கியதில்லை. உலக நாடுகள் அத்தனையையும் வேலியோரம் வழிந்த பிசினால்தான் நோட்டில் ஒட்டிவைத்தோம். ராஜா ராணி தலைகளை யாரும் சீந்தமாட்டோம். மிருகம், மரம் என்றால் தனிக் 'கிராக்கி'.

சேலத்திலிருந்து என் சித்தப்பா வாங்கிவந்த பொட்டலத்தில் லெபனான் நாட்டுத் தபால்தலை ஒன்று இருந்தது. நமக்கு ஆலமரம் போல அந்த நாட்டுக்குச் சின்னம் தேவதாரு; அது அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் படம். பக்கத்துக் காட்டு நாச்சிமுத்து அதைப் பார்த்ததும் துள்ளினான். "டேய், நம்ம வெள்வேலாமரண்டா! அங்கயும் ஆடு மேய்ப்பாங்களாட்ட இருக்குது!"

எனக்கு மரத்தின் பெயர் தெரியும்; பொட்டலத்திலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் தபால்தலைக்கு மாற்றாக அவன் நீட்டிய வெண்கல ஆட்டுமணியின் மேல் எனக்கு ஆசை. வாயை மூடிக்கொண்டு மணியை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சமயம் அவன் அப்பா, காட்டின் நடுவே அதேபோல் கிளை விரித்து நின்ற வெள்வேலாமரத்தை விறகுக்குப் பேசி முடித்திருந்தார். அதன் நிழலிலும் உதிரும் காயிலும்தான் நாச்சிமுத்துவும் அவன் ஆடுகளும் மதியங்களைக் கழிப்பார்கள். தபால்தலையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "ஒரு நாடே இந்த மரத்த ராசாவாட்ட வெச்சிருக்குதுங்கப்பா, நாம வெட்டறதுங்களா?" என்று கேட்டானாம். விறகுக்காரர் வெறுங்கோடாலியோடு திரும்பினார். அதன்பிறகு சந்தையில் கண்டவர்களிடமெல்லாம், "வெளிநாட்டுக்காரன் அச்சடிச்ச மரமுங்க எம்பட மரம்" என்று அவன் அப்பா மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

நான் அதை அத்தோடு விட்டிருக்கலாம். ஒருநாள் அவர் என்னை நிறுத்தி, "ஏஞ்சாமி, நீ படிக்கற புள்ள, அந்த நாட்டு ஆடும் இந்தக் காயத் திங்குமா?" என்றார். 'படிக்கற புள்ள' தலைக்கேறிவிட்டது. "அது வெள்வேலே இல்லீங்க மாமா, தேவதாருங்க" என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. சந்தையில் பேசிய பேச்சுக்கெல்லாம் ஊர் சிரிக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த சந்தைக்குள் மரம் வண்டியேறிவிட்டது.

நாச்சிமுத்து அழவில்லை. தபால்தலையைக் கொண்டுவந்து என் சட்டைப்பையில் திணித்து, "உன்ற நாட்ட நீயே வெச்சுக்க" என்றான். மணியை அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கொஞ்சநாள் கழித்து எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு மறுபடி பேசத் தொடங்கினான். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் என்னைக் கண்டால், "லெபனான்காரரு வந்துட்டாருங்க, எலையப் போடுங்க!" என்று அவன் போடும் கூச்சலில் பாதிப் பந்தி திரும்பிப் பார்க்கும்.

இப்போது வீட்டுக்கு வரும் உறைகளில் தபால்தலை இல்லை, பட்டைக்கோடுதான் இருக்கிறது. வெள்வேலாமரத்தையும் தேடித்தான் பார்க்கவேண்டும். நாச்சிமுத்துவின் காட்டில் அவன் மகன் லாரிக்கு 'பாடி' கட்டும் கொட்டகை போட்டிருக்கிறான். போன சித்திரையில் அங்கே நின்றபோது முதன்முறையாக, "அன்னிக்கு நான் பண்ணுனது தப்புடா" என்றேன்.

"அட போடா, கெழட்டு வயசுல இதையெல்லாம் தூக்கீட்டு வாரயா" என்று சிரித்தான். பிறகு சூடேறிய தகரக்கூரையை அண்ணாந்து பார்த்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆனா, நெழலுன்னா அது நெழலுடா."