அடையாளமே தெரியவில்லை

முத்தையாபுரத்தில் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் எனக்குத் தெரிந்த நாடக நடிகர், வேடம் இல்லாத நாளிலும் அரிதாரத்தை அழிப்பதுபோல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜா, கிழவி, எமன், கோமாளி என அவர் போட்ட வேடங்களைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதியவன் நான்.

கலைஞர் அடையாள அட்டை கேட்டுப் போய்விட்டு வருகிறாராம்.

"கிடைச்சிட்டா, அண்ணாச்சி?"

"நாலு வேசத்துல எடுத்த நாலு போட்டோவையும் பாத்துட்டு, 'இதுல நீரு எங்கவே இருக்கீரு'ன்னு ஆபீசர் கேக்காரு. நாலும் நாந்தாம்னா நம்ப மாட்டேங்காரு. சாட்சிக்கு நீங்க எழுதுனதக் காட்டுனேன், தம்பி."

அந்தத் தாளை நீட்டினார். 'எந்த வேடத்திலும் இவரை அடையாளமே தெரியவில்லை' என்ற என் வரியின் கீழ் அதிகாரி சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"வேற மாதிரி எழுதித் தரட்டுமா?"

அவர் பதறித் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்த வரிய மட்டும் மாத்திராதீங்க, தம்பி."