கதவோடு கரண்ட் ஆபீசுக்கு

எங்கள் வீட்டு வாசலில் ஏறத்தாழ ஒரு மாதம் கதவு இல்லை. அடிப்பாகத்தைக் கரையான் அரித்துவிட்டதென்று உத்திரமேரூர் ஆசாரியிடம் கொடுத்திருந்தோம். இரண்டே நாளில் தருகிறேன் என்றவர், போன் செய்யும்போதெல்லாம் "மிஷின் கரண்ட்ல ஓடுதும்மா, கரண்டு இருந்தாதான இழைக்க முடியும்?" என்றார். வாசலில் ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டேன். பகலில் பக்கத்து வீட்டு ஆடு அதை விலக்கிக்கொண்டு உரிமையோடு வந்து போனது. ராத்திரியில் கட்டிலைக் குறுக்கே போட்டு என் கணவரே கதவாகப் படுத்துக்கொண்டார்.

அதே மாதத்தில்தான், எங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருந்ததாக என் போனுக்கு இரண்டு முறை தகவல் வந்தது.

கரண்ட் போவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஏரிக்கரை டிரான்ஸ்பார்மருக்கு மேலே ஒரு புளியங்கிளை நீட்டிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் கிளை கம்பியில் உரசும். படீரென்று ஒரு சத்தம், ஊரே அடங்கிவிடும். லைன்மேன் சாவகாசமாக வந்து பீஸ் போட்டுவிட்டுப் போவார். அடுத்த காற்று வரை கரண்ட் இருக்கும். கிளையை வெட்டினால் தீர்ந்தது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் யார் வெட்டுவது? நாம் ஏறினால் கம்பி அடிக்கும், அவர்களைக் கேட்டால் "எழுதிக் குடுங்க" என்பார்கள்.

முன்பெல்லாம் நானும் மற்றவர்களைப் போல விசிறியும் கையுமாக உட்கார்ந்து திட்டுவதோடு சரி. அந்த மாதம் அப்படி இருக்க முடியவில்லை. வீட்டில் அறுபது முட்டைகள் இருந்தன.

நாட்டுக்கோழி வளர்க்கும் ஆசையில் முட்டை பொரிக்கிற மிஷின் ஒன்று வாங்கியிருந்தேன். மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தெர்மாகோல் பெட்டி, உள்ளே இரண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன். இருபத்தோரு நாள் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் குஞ்சு வந்துவிடும். அறுபதில் பன்னிரண்டு முட்டைகள் எதிர்வீட்டு அக்காவுடையவை. நாற்று நட, களை எடுக்க என்று கூலிக்குப் போகிறவர். அவரிடம் இருந்த ஒரே பெட்டையைக் கீரி அடித்துவிட்டது. அடை வைக்கவென்று சேர்த்திருந்த முட்டைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இதாம்மா மிச்சம் கீது. இதுவும் போச்சினா கோழி வளக்கறதயே வுட்ரவேண்டியதுதான். உன் மிஷினு அடை காக்குமா?"

"காக்கும்க்கா. நான் பொறுப்பு" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அவர் முட்டைகளில் பென்சிலால் கூட்டல் குறி போட்டு வைத்தேன். பத்தாம் நாள் ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் அடித்துக் காட்டினேன். பன்னிரண்டிலும் சிவப்பு நூல் மாதிரி நரம்பு ஓடியது. "யம்மாடி, அத்தினியும் உசிரோட கீது!" என்று அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே காற்று ஆரம்பித்தது. தினமும் இரண்டு மணி, மூன்று மணி நேரம் என்று கரண்ட் போனது. எங்கள் இன்வெர்ட்டர் முன்பே உயிரை விட்டிருந்தது. அது சார்ஜ் ஏறவும் கரண்ட் வேண்டுமே. கடைசியில் வெந்நீர்தான் வழி என்று தெரிந்தது. சின்னச் சின்ன பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, முட்டைகளுக்கு நடுவே வைத்து, மணிக்கொருதரம் மாற்றவேண்டும். அத்தனை சின்ன பாட்டிலுக்கு எங்கே போவது? என் கணவர் பள்ளித் தலைமையாசிரியர். ஏரிக்கரையில் குடித்துவிட்டு வீசிய குவார்ட்டர் பாட்டில்களைப் பை நிறையப் பொறுக்கிவந்தார். எதிரே வந்த இரண்டு மாணவர்களின் அப்பாக்கள் பார்த்துவிட்டார்கள். "முட்டைக்குத்தான்" என்று இவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அவர்கள் இவருக்கு வணக்கம் சொல்கிற விதமே மாறிவிட்டது.

நான் போனில் புகார் கொடுத்தேன். ஏரிக்கரைப் புளியங்கிளையை வெட்டவேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். சாயங்காலமே பதில் வந்தது. புகார் முடிக்கப்பட்டது, காரணம்: கதவு பூட்டியிருந்தது. புளியமரத்துக்கு ஏது கதவு? சரி, என் வீட்டுக் கதவைத்தான் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அது ஆசாரி பட்டறையில் அல்லவா சாய்ந்து கிடக்கிறது? மறுபடி புகார் கொடுத்தேன். மறுபடியும் கதவு பூட்டியிருந்தது. அந்த நேரம் ஆடு புடவையைத் தின்றுகொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் படீர் என்றது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்றாவது முறையாகப் புகார் கொடுத்தேன். பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"வாக்கா. கதவு பூட்டியிருக்காமே, கதவையே கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடலாம்."

"அட, வா போலாம்" என்று அக்கா உடனே கிளம்பிவிட்டார்.

பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போய், ஒரு குட்டியானை வண்டியில் கதவை ஏற்றிக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போனோம். முன்பக்கம் நான், பின்பக்கம் அக்கா. கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். அங்கே ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

"என்னம்மா இது?" என்றார் இன்ஜினியர். சின்ன வயசுக்காரர்.

"எங்க வீட்டுக் கதவு சார். பூட்டியிருக்குன்னு ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க. பூட்டு எங்கன்னு காட்டுங்க."

பாவம், அவர் நிஜமாகவே எழுந்துவந்து முன்னும் பின்னும் பார்த்தார். பூட்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதன் வழியாக அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"காரணம் போடாம கம்ப்யூட்டர் புகாரை முடிக்க விடாதும்மா. லிஸ்ட்ல முதல்ல இருக்கறது அதுதான்" என்றார் இன்ஜினியர் மெதுவாக.

"வேலைய முடிச்சிட்டு முடிங்களேன் சார்."

அவர் லைன்மேனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஏழெட்டு ஊருக்கு ஒரே லைன்மேன் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"சார், நான் அந்த வூட்டாண்டதான் கீறேன். கூப்ட்டு கூப்ட்டுப் பாத்துட்டேன், ஒர்த்தரும் இல்ல. டோர் லாக்னு போட்டுடவா சார்?"

ஆபீசே சுவரில் சாய்ந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தது. இன்ஜினியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடாதீங்க. கிளைய வெட்டுங்க" என்றார்.

நாங்கள் ஊர் திரும்பும்போது மணி மூன்று. கிளை தரையில் கிடந்தது. கரண்ட் வந்திருந்தது. வெட்ட பத்து நிமிஷம் கூட ஆகவில்லையாம். கதவு கதையைத் தெருவில் நின்று அக்கா நடித்துக் காட்ட, ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் புடவையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பாட்டில்கள் சில்லென்று இருந்தன. முட்டைகளும்தான். ஐந்து மணி நேரம் தண்ணீர் மாற்ற ஆளில்லை. பெட்டியை மூடிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்தோராம் நாள் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. இன்னும் இரண்டு நாள் காத்திருந்தேன். என் முட்டைகளில் பாதி பொரிக்கவில்லை. கூட்டல் குறி போட்டவற்றில் ஏழு பொரிந்திருந்தன, ஐந்து அப்படியே கிடந்தன. அக்கா கூடையோடு வந்தார். ஏழையும் எண்ணினார்.

"மீதி அஞ்சி இன்னா ஆச்சி?"

"கூமுட்டைக்கா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. என் லிஸ்டிலும் அதுதான் முதலில் இருந்திருக்கிறது.

"அன்னிக்கு டார்ச் அடிச்சிக் காட்டினியே, அத்தினியும் உசிரோட இருந்துதே?"

அவர் குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்ஜினியர் முன்னால் எப்படி நின்றேனோ அதேபோல் இப்போது என் முன்னால் அவர் நின்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"கூமுட்டை இல்லக்கா. கதவைத் தூக்கிட்டுப் போனோமே, அன்னிக்குத் தண்ணி மாத்த ஆளில்ல. சில்லுனு ஆயிடுச்சு. நான்தான் பொறுப்புன்னு சொன்னேன், நான்தான் கெடுத்தேன்."

என் குஞ்சுகளில் ஐந்தைப் பிடித்து அவர் கூடையில் விட்டேன். அக்கா அதில் இரண்டை எடுத்து என் கையில் திருப்பி வைத்தார்.

"ஏங்க்கா?"

"கதவுல ஒரு பக்கத்த நான்தானம்மா தூக்கிக்கினு வந்தேன்? எம்மேலயும் பாதி கீது இல்ல?"