மரகதத்தின் படையலில் ஒரு பைப்

"டீச்சர், அக்கா போயிட்டாக" என்று கணேசன் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னபோது அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு உதவி டீச்சர். வாரவங்ககிட்ட அந்தப் பைப்புப் பேச்ச மட்டும் எடுக்காதிய" என்றான். கணேசன் மரகதத்தின் தம்பி, பள்ளியில் என்னிடம் படித்தவன். நான் சொன்னால் அவன் கேட்பான். அவன் சொல்லி நான் கேட்பதாக இல்லை. அதனால் அந்தப் பைப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கால்நடை மருத்துவர் மரகதத்தை ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி மாடு வைத்திருப்பவர்களுக்கும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மடவார் வளாகத்தில் எனக்கு அடுத்த வீடு. 'அவர்' என்று எழுதினால் சிரிப்பாள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாலையில் மொட்டை மாடியில் நாற்காலியைப் போட்டு, மேற்கே மலையைப் பார்த்தபடி புகையிலை அடைத்துப் பைப் குடிப்பாள். ஒளித்துக் குடித்ததே இல்லை. நம் ஊரில் வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொண்டு பேசும் பெண்களை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அது கன்னத்துக்குள் அடங்கிவிடுகிறது. இவளுடையது மாடிக்கு மேலே தெரிந்தது, அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

பைப் வந்த கதையும் அவளைப் போலத்தான். ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளியின் நாயைப் பிழைக்க வைத்தாள். அவர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த மரப் பைப் ஒன்றை நன்றியாக நீட்டி, "உங்க அப்பாவுக்குக் குடுங்கம்மா" என்றாராம். "எங்கப்பா சுருட்டுதான் குடிப்பாக. இது எனக்கு இருக்கட்டும்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் மாலை அவள் இருமிய இருமல் தெரு முழுக்கக் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருவர் வயிறு உப்பிய பசுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மரகதம் வாயில் பைப்போடு இறங்கி வந்தாள். "பொம்பள பைப்பு குடிக்கா. இவகிட்டயா மாட்டக் காட்டணும்?" என்று அவர் என்னிடம் நியாயம் கேட்டார். பைப்பை எடுக்காமலே அவள் சொன்னாள்: "மாட்டுக்கு மூச்சு முட்டுது. மொதல்ல அதப் பாப்பம். பொறவு உமக்கு எங்க முட்டுதுன்னு பாக்கேன்." மாடு பிழைத்தது. அதன் பிறகு அவர் வீட்டு மாடு கன்றுகள் வேறு டாக்டரைப் பார்க்கவில்லை.

புகையிலை நல்லது என்று நான் சொல்லவில்லை. அவளும் சொன்னதில்லை. தானும் குடித்துப் பார்க்க ஆசையாகக் கேட்ட ஓர் இளம் டாக்டரை, "வேண்டாத வேல, தொடாதிய" என்று விரட்டியவள்தான். கடைசியில் நோய் நெஞ்சில்தான் வந்தது. யாரையும் நொந்துகொள்ளாமல் படுத்திருந்தாள். பைப் அலமாரியில் கிடந்தது.

கருமாதி அன்று காலை படையலுக்கு என்னென்ன என்று கேட்டேன். வடை, பால்கோவா, பூ, புதுச்சேலை என்றான் கணேசன்.

"உங்க அப்பா கருமாதிக்கு என்ன வச்சிய?"

"அவுகளுக்குப் பிடிச்ச சுருட்டு. ஒரு குவாட்டர்."

"அக்காவுக்குப் பிடிச்சது எங்க?"

"ஊரு சிரிக்கும் டீச்சர்."

"சிரிக்கட்டும். செத்தவளுக்கு வேண்டியத வைக்காம எதுக்குப்பா படையல்?"

அவன் உள்ளே போய், துணியில் சுற்றிய பைப்பை எடுத்துவந்தான். ஊதிப் பார்த்தான். காற்று போகவில்லை. மாதக்கணக்கில் கிடந்ததில் சாம்பலும் பிசினுமாக இறுகிப்போயிருந்தது. "அடைச்சுக் கெடக்கு. இத எப்படி வைக்க?" என்றவன், கொல்லைப்புறம் போய் ஒரு குடைக்கம்பியோடு வந்தான். பக்கத்தில் வெந்நீரும் தயார்.

இரண்டையும் அப்பால் வைக்கச் சொன்னேன். அவள் ஞாயிறுதோறும் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குடித்த சூட்டில், வாயில் வைக்கும் தண்டைக் கழற்றக் கூடாது, மரம் பிளந்துவிடும். ஆறிய பிறகு ஒரே நேராகப் பிடித்து, மெல்லத் திருகிக்கொண்டே உருவ வேண்டும். தண்ணீரில் முக்கினால் கட்டை ஊறிக் கெட்டுப்போகும். கம்பி துளையைக் கீறிவிடும். அவளுக்குக் கோழி இறகு போதும். ஸ்பிரிட்டில் நனைத்துத் துளையில் விட்டு எடுப்பாள். அழுக்கு வரவர இறகை மாற்றுவாள். அவளுடைய மருந்துப் பெட்டியிலேயே ஸ்பிரிட் இருந்தது. இறகு பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டில் கிடைத்தது. தண்டு பிடிவாதமாக இருந்தது, ஆனாலும் வந்தது. முதல் இறகு தார் மாதிரிக் கறுத்து வந்தது. பல இறகுகள் போன பிறகு ஊதினால் காற்று வந்தது.

கணேசன் புகையிலை அடைக்கும் கிண்ணத்துக்குள் கத்தியை விட்டுக் கரியைச் சுரண்டப் போனான். அதையும் தடுத்தேன். "கரியப் பூராத்தையும் எடுத்திராத. அந்தக் கரிதான் கட்டைய நெருப்புலருந்து காப்பாத்துது" என்பாள் மரகதம். உதிர்கிறதை மட்டும் துணியால் துடைத்து, மெல்லிய பூச்சாக மீதியை விட்டுவிட வேண்டும். செத்தவர்களைச் சுரண்டி வழவழப்பாக்கி மாலை போடத் துடிக்கும் சொந்தங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். பைப்பை ஸ்பிரிட் வாடை போகும்வரை நிழலில் காயவைத்து, பிறகுதான் தண்டைப் பொருத்தினோம்.

மதியம் இலையில் பால்கோவாவுக்குப் பக்கத்தில் பைப்பை வைத்தான் கணேசன். ராஜபாளையத்து மாமா வந்திருந்தார். எது சரி, எது தப்பு என்று அந்தக் குடும்பமே அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். "ஏலே கணேசா, என்னலே இது?" என்றார். கணேசன் என்னைப் பார்த்தான். பிறகு கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "எங்கக்கா பைப்பு மாமா. அவுக குடிச்சது. அப்பாவுக்குச் சுருட்டு வச்சப்ப நீங்கதான பத்தவச்சிய?"

மாமா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புகையில போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றோம். சாம்பிராணிக் கரண்டியிலிருந்து ஒரு நெருப்புக் கங்கு எடுத்து அவரே பைப்பின் மேல் வைத்தார். புகை எழுந்தது. இரண்டு பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள். போகட்டும். கணேசன் அழுதான். செய்தி வந்த நாளிலிருந்து அவன் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன்.

பைப்பை என்னிடம் கொடுக்க வந்தான். அது அவன் வீட்டில், அவள் படத்துக்குக் கீழே இருக்க வேண்டியது என்று மறுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது வேறு. ஏன் இந்தப் பழக்கம் என்று யார் கேட்டாலும் மரகதம் காரணம் சொன்னதில்லை, மன்னிப்பும் கேட்டதில்லை. "எனக்குப் பிடிச்சிருக்கு, அம்புட்டுதான்" என்பாள். இந்த வயதுவரை என் வீட்டில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதற்கும் ஒரு காரணத்தைத் தயார் செய்துகொண்டுதான் வாசற்படி தாண்டியிருக்கிறேன். போன வாரம் பிளவக்கல் அணையில் தண்ணீர் நிறைந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். "இந்த வயசுல தனியா அங்க என்னம்மா வேல?" என்று மகன் வழிமறித்தான். "எனக்குப் பிடிச்சிருக்கு, அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.