அப்பா கொண்டுவந்த லத்தீன் படம்

அப்பாவுக்குக் கொடைரோடு ஸ்டேஷனில் வேலை. கொடைக்கானலுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் வெயிட்டிங் ரூமில் விட்டுவிட்டுப் போவதெல்லாம் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அந்தப் பழைய காலண்டர் படமும் அப்படி வந்ததுதான். மஞ்சளும் ஆரஞ்சும் கொதிக்கிற ஒரு வெளி. அதில் சிவப்புப் பாவாடை கட்டிய ஐந்தாறு பெண்கள், கைகளைத் தூக்கி, தலையைச் சாய்த்து. கண், மூக்கு எதுவும் கிடையாது, இழுத்து அப்பிய வண்ணம்தான். அடியில் இருந்த எழுத்து இங்கிலீஷ் இல்லை என்றார் அப்பா. இங்கிலீஷ் இல்லையென்றால் லத்தீன். லத்தீன் என்றால் சாமியார் பூசை வைக்கிற மொழி, அப்படியானால் கோயில் படம். கத்தோலிக்க வேதக்காரர்களான எங்களுக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

அம்மா பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள். அது உத்தரிக்கிற ஸ்தலம். மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமாக்கள் பாவம் தீரும்வரை நெருப்பில் வேகிற இடம். மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். அவளுடைய ஒரே தங்கை, என் சித்தி, கிணற்றில் விழுந்து இறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஓரத்தில் இருந்த பெண்ணைத் தொட்டுத் தொட்டு அம்மா தினமும் செபம் சொல்வாள்.

"மாதாவே, எம்புட்டு நாளானாலும் இவ இங்கன கெடக்கட்டும். நரகத்துக்கு மட்டும் போயிருக்கக் கூடாது."

ஒரு மத்தியானம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். கூரையின் கண்ணாடி ஓட்டு வழியாக விழுந்த வெயில் சுவரில் மெல்ல ஊர்ந்து படத்தின் மேல் ஏறியது. பாவாடைகள் சுழன்றன. சிவப்பு மஞ்சளுக்குள் வழிந்து, மஞ்சள் அவர்கள் தோளில் ஏறி, யார் உடம்பு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஒருத்தி காலும் தரையில் இல்லை. எனக்கும் உடம்பு லேசாகி, பாயோடு மிதப்பது போலிருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"அம்மா, இவுக வேகல. ஆடுறாக."

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. அந்த ஓரத்துல நிக்கிறவளுமா?"

"அவதாம்மா ரொம்ப ஆடுறா."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நடுவே சிரிக்கவும் செய்தாள். காய்ச்சல்காரி பேச்சை இப்படிப் பெரிதாக எடுத்துக்கொள்கிறாளே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சித்தி தண்ணீர் இறைக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். சாமியார் அவளைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும் என்று சொன்னதைக்கூட, உள்ளே இடமில்லை போலிருக்கிறது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.