சுவிஸ் முதலாளிக்கு நான் சொன்ன பதில்

கொழும்பில் அப்போது எனக்கு அரசாங்க வேலை. வெளிநாட்டு முதலாளிகளை நாட்டுக்கு அழைக்கும் திணைக்களத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவேன். சுவிஸ் கம்பனிகளுக்கும் எழுதியிருக்கிறேன்: ஆரம்ப வருடங்களில் வரி இல்லை, கூலி குறைவு, நாடு அமைதியானது. கையெழுத்து மேலதிகாரியுடையது, வசனங்கள் என்னுடையவை.

எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் ஒழுங்கையில் தமிழ் வீடுகள் எரிந்தபோது, சிங்களவரான அந்த மேலதிகாரிதான் என்னைத் தன் காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் அவருடைய மனைவி சோறு போட்டார். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்லது என்று பிறகு நினைத்ததுண்டு.

மூன்று வருடம் கழித்து, சுவிஸ் நாட்டின் லுசேர்ண் நகரில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. ஒரு மதியம் பரிமாற ஆள் போதாதென்று எனக்கும், என்னோடு கழுவும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவருக்கும் வெள்ளைச் சட்டை தந்து கூட்ட மண்டபத்துக்கு அனுப்பினார்கள். கோப்பித் தட்டோடு உள்ளே போனால், மேடையில் என் பழைய மேலதிகாரி. இலங்கை வர்த்தகக் குழுவின் தலைவராம். முன்னால் சுவிஸ் முதலாளிகள். அவர் வாசித்தது நான் அன்று எழுதியதைத்தான். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

துணி ஆலை வைத்திருந்த ஒரு முதியவர் ஆங்கிலத்தில் கேட்டார். “அங்கே சண்டை நடக்கிறதாமே?”

“வடக்கில் சின்னக் குழப்பம். தொழிற்சாலைப் பக்கம் ஒன்றுமில்லை” என்ற அதிகாரி என்னைக் கண்டுவிட்டார். முகம் இருண்டது. பிறகு சிரித்தார். “இவர் எங்கள் நாட்டவர். தமிழர். என்னோடு வேலை செய்தவர். இவரையே கேளுங்கள்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. என் பக்கத்தில் நின்ற அண்ணையின் தம்பியை யாழ்ப்பாணத்தில் ராணுவம் பிடித்துப்போய் ஐந்து மாதம். ஒரு தகவலும் இல்லை.

“உண்மையா?” முதியவர் என்னிடம் ஜெர்மனில் கேட்டார். அதிகாரிக்கு அந்த மொழி விளங்காது. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

“யா” என்றேன்.

கூட்டம் கலைந்ததும் அதிகாரி என் கையைப் பிடித்தார். “என் மானத்தைக் காப்பாற்றினாய்.” நான் அவர் மனைவியைச் சுகம் விசாரித்தேன். அதற்குமேல் எங்களுக்குள் கதை இருக்கவில்லை.

சமையலறையில் அண்ணை கேட்டார்.

“ஏன் ஓமெண்டு சொன்னனீர்?”

“அந்தாள்தான் அண்ணை என்னை உயிரோட வைச்சது.”

“உம்மை வைச்சது சரி. என்ர தம்பியை ஆர் வைச்சிருக்கினம்?”

அதன்பின் அவர் என்னோடு கதைக்கவில்லை. ஒரே தொட்டியில், முதுகைக் காட்டியபடி கழுவினார். மாதம் முடிய வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம், அந்த முதியவர் கொழும்புக்குப் பக்கத்தில் ஆலை திறந்த படம் பேப்பரில் வந்தது. அதே மாதம் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நாட்டின் தெற்கில் நான் பாதுகாப்பாக வாழலாமாம். வக்கீல் வைத்து, மேன்முறையீடு செய்து, இரண்டு வருடம் பயந்து பயந்து கிடந்துதான் தங்கும் அனுமதி பெற்றேன்.

அண்ணையின் தம்பி திரும்பி வரவேயில்லை. அதையும் வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.