பொன்னுக்கு வீங்கியில் கிடைத்த குழல்

எனக்குக் கிடைத்த முதல் பரிசு ஒரு பித்தளைக் குழல். அதைப் பரிசு என்றுதான் நான் வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கருங்குழிக்குப் பக்கம். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பிள்ளைகளுக்காகப் புதிதாக ஏதாவது செய்கிற பள்ளிக்கூடங்களுக்குச் சர்க்கார் ஒரு சிறு மானியம் தருவதாகச் செய்தி வந்தது. ஹெட்மாஸ்டருக்குச் சுவர்க் கடிகாரம் வாங்க ஆசை. மணியக்காரருக்கு, ஆடு நுழையாமல் வேலி போட்டால் போதும். செங்கல்பட்டில் பயிற்சி முடித்து அப்போதுதான் வந்திருந்த இளம் வாத்தியார் மட்டும், கடிகாரமும் வேலியும் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்று கேட்டு, பேண்டு வாத்தியம் வேண்டும் என்று எழுதிப் போட்டார். மானியம் அவருக்கே கிடைத்தது. ஹெட்மாஸ்டர் அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாத்தியங்கள் மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தன. ஒரு பெரிய டிரம், ஒரு ஜோடி தாளம், நான்கு பித்தளைக் குழல்கள். மானியம் அதற்குத்தான் காணும். ஊத ஆசைப்பட்டவர்கள் அதிகம் என்பதால், ஒரு குழலுக்கு இரண்டு பேர் என்று வாத்தியார் ஜோடி சேர்த்தார். ஒருவன் ஊதி முடித்ததும் சட்டை நுனியில் துடைத்து அடுத்தவனிடம் கொடுப்பான்.

எனக்கும் குழல் மேல்தான் கண். ஆனால் வாத்தியார் என் பெயரை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டு, டிரம்மைக் கழுத்தில் மாட்டிவிட்டார். உனக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், ரத்தத்திலேயே இருக்கும் என்று சிரித்தார். எதிலுமே முதலாவதாகக் கூப்பிடப்படாத எனக்குத் தலைகால் புரியவில்லை. குழல் ஆசை அந்த நிமிடமே போய்விட்டது. அரிசி மண்டிக்காரர் மகன் அந்த டிரம்முக்காக அழுதே விட்டான். அது வேறு என் சந்தோஷத்தை இரட்டிப்பாக்கியது.

வீட்டில் வந்து சொன்னேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். அதற்கு முன் எங்கள் தெருவின் மற்ற ஆண்களைப் போல, ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்கப் போனவர். வேலை கிடைத்த அன்று பறையைச் சித்தப்பாவிடம் கொடுத்தவர், பிறகு அதைத் தொடவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காக்கிச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னைச் சேர்த்த அன்றைக்குப் பிறகு அவர் அங்கே வந்தது அப்போதுதான். வாசற்படிக்குக் கீழேயே நின்று, "எம் புள்ளைக்கு டிரம் வாணாங்க ஐயா. ஊதறது எதுனா குடுங்க" என்றார்.

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "அவனவன் டிரம்முக்கு அடிச்சிக்கிறான். உனக்கு இன்னாப்பா கஷ்டம்? குழல்னா ஒண்ணுல ரெண்டு பேர் வாய் வெச்சு ஊதறது. உனக்குத் தெரியாததா?"

"தெரியுங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

வாத்தியார் நல்ல மனிதர்தான். ஆனால் ஊருக்குப் புதியவர், மானியம் வாங்கி ஹெட்மாஸ்டரைப் பகைத்துக்கொண்டவர் வேறு. குழல் எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டார். டிரம் மண்டிக்காரர் மகனுக்குப் போயிற்று. எனக்கு இரண்டும் இல்லை. அன்று நைனாவை நான் மனதார வெறுத்தேன். கையில் வந்ததைத் தட்டிவிட்ட மனிதரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். அவர் இயல்பாகவே அதிகம் பேசாதவராகையால் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆசை மட்டும் விடவில்லை. பேண்டு பழகும் நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பப்பாளித் தண்டில் துளை போட்டு, அவர்கள் ஊதுவதையே நானும் ஊதினேன். தண்டு இரண்டு நாளில் வாடிவிடும். வேறு ஒடித்துக்கொள்வேன். அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி தனி.

மானியம் கொடுத்த ஆபீசிலிருந்து அதிகாரி பார்க்க வருகிறார் என்று நாள் குறித்தார்கள். பேண்டு நன்றாக இருந்தால் அடுத்த வருஷமும் பணம் வரும் என்று பேச்சு. சரியாக அந்தச் சமயத்தில், குழல் ஊதிக்கொண்டிருந்த மணியக்காரர் மகனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் உப்பிக் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு வீட்டில் படுத்துவிட்டான். ஒரே குழலை ஊதியதாலோ என்னவோ, அவன் ஜோடிக்காரனுக்கும் வீங்கிக்கொண்டது. ஒரு குழலுக்கு ஆளே இல்லை. தெருவில் அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்கிறது. வாத்தியார் என்னை வேப்பமரத்தடியிலிருந்து இழுத்து வந்து குழலைக் கையில் திணித்தார்.

"ஊது. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். நான் தப்பாக ஊதிவிடுவேனோ என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

தப்பு வரவில்லை. பப்பாளித் தண்டில் ஊதியவனுக்குப் பித்தளை வெண்ணெய் மாதிரி இருந்தது. மண்டிக்காரர் மகன்தான் டிரம்மைத் தன் இஷ்டத்துக்குத் தட்டினான். ஆனாலும் அதிகாரி கை தட்டினார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

வீக்கம் வடிந்து மணியக்காரர் மகன் திரும்பி வந்தான். வாத்தியார் எல்லாரும் பார்க்க அந்தக் குழலைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு, சாம்பலால் தேய்த்துக் கழுவி அவனிடம் நீட்டினார். பொன்னுக்கு வீங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இவ்வளவும் என்று எனக்குப் பட்டது. அவன் வாங்கினான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஊதாமல் பெஞ்சின் மேல் வைத்துவிட்டான். மறுநாள் மணியக்காரர் வந்து ஹெட்மாஸ்டரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அதற்கு அடுத்த நாள் அவர் மகனுக்கு மெட்ராஸிலிருந்து புதுக் குழல் வரப்போவதாகச் சொன்னார்கள். பழையதை, ஒரு சாக்பீஸ் துண்டைக்கூட எண்ணிக் கொடுக்கும் ஹெட்மாஸ்டரே என்னைக் கூப்பிட்டு, "இது இனிமே உன்னுது. வூட்டுக்கே எடுத்துக்கினு போ" என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை ஊதிக்கொண்டே ஓடினேன். நைனாவோடு பேசுவதில்லை என்ற சபதம் மறந்துவிட்டது. அவர் குழலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாரு குடுத்தாங்க?"

"ஹெட்மாஸ்டரு. எனக்கேன்னு குடுத்துட்டாரு நைனா. மணியக்காரர் புள்ளைக்குக்கூட இல்ல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

"நல்லா ஊதினியா?"

"ஊதினேன். ஆபீசரு கை தட்டினாரு."

"அப்பப் பரிசுதான். வெச்சிக்க" என்றார்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவே அந்தப் பரிசைப் பார்க்க வந்தது. சித்தப்பா வாங்கி ஊதினார், சத்தம் வரவில்லை. அவரிடமிருந்து அத்தை பிடுங்கி ஊதிச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வரைக்கும் ஆளுக்கொரு தடவை வாய் வைத்துப் பார்த்தார்கள். யாரும் துடைக்கக்கூட இல்லை. நைனா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பரிசைப் பார்க்க ஊருக்குள்ளிருந்து ஏன் ஒருவரும் வரவில்லை என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.